தொரைக்குத் துணை தேடிய வரலாறு

தியாகராய நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் மாணிக்கவாசகத்தின் வீட்டுக் கூடத்தில், அவர் வளர்த்த மீனுக்குப் பிடிக்காத ஆள் யார் காலை வைத்தாலும் அந்த ஆளுக்கு மட்டும் தண்ணீர் நின்றது. அதே நேரத்தில் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்குத் தரை உலர்ந்தே இருந்தது. மின்விசிறி சுழன்றது, செய்தித்தாள் படபடத்தது. சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு முழங்கால் வரை. தேர்தல் சமயத்தில் கும்பிட்டுக்கொண்டே நுழைந்த வேட்பாளருக்கு இடுப்பு வரை. கோவில்பட்டியிலிருந்து வரும் மாணிக்கவாசகத்தின் மனைவி பங்கஜத்தின் சொந்தக்காரர்களுக்கு, செருப்பைக் கழற்றாமல் வந்தால் செருப்பு மிதக்கும் அளவுக்கு. வந்தவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே போய் வேட்டியைப் பிழிந்துகொண்டார்கள். கேட்டுக்கு அருகில் கொடி கட்டி எப்போதும் இரண்டு துண்டுகள் தொங்கவிடுவது அந்த வீட்டு வழக்கம். விருந்தாளியை ஈரத்தோடு அனுப்பினார்கள் என்று இந்தக் குடும்பத்தைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது.

மீனின் பெயர் தொரை. சிக்லிட் என்னும் சண்டைக்கார மீன் இனங்களைக் கலந்து உருவாக்கிய ஃப்ளவர்ஹார்ன் வகை. நெற்றியில் மாம்பழம் கவிழ்த்தாற்போல ஒரு புடைப்பு. அதைப் பார்த்து மண்டை வீங்கிய மீன் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்குக் கிரீடத்துக்கும் வீக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கடைக்கு இரண்டாம் மாடி எழுப்பிய வருஷம், பிரஷர் குக்கர் விலை மூன்று முறை ஏறிய வருஷம், திருவல்லிக்கேணியில் வண்ண மீன் கடை நடத்தும் கமர் ஜஹானிடம் மாணிக்கவாசகம் அதை வாங்கினார். அப்போது அது விரல் நீளம். தொட்டிக்குள் விட்ட விரலை அது கடித்தது, அவர் மகிழ்ந்துபோனார்.

“இவன் தனியா கீறவன் அண்ணாச்சி,” என்றாள் கமர் ஜஹான். “கூட எவனையும் வுட மாட்டான். பேஜார் புடிச்சவன். யோசிச்சு எட்துனு போ.”

“எங்க வீட்டு ஆளு அப்படித்தாம்மா இருக்கணும்,” என்றார் மாணிக்கவாசகம்.

ஆறடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி, வாசலுக்கு நேர் எதிரே கூடத்தில் வைத்தார்கள். சிக்லிட் மீன் கண்ணுக்கு எட்டிய இடத்தையெல்லாம் தன் இடமாக எடுத்துக்கொள்ளும். தொரையின் கண்ணுக்கு வாசல்வரை எட்டியது. எனவே வாசல்வரை தொரையின் இடம் ஆயிற்று. மற்றபடி இதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் பிறந்தவர்களையும் வாழ்க்கைப்பட்டவர்களையும் தினமும் பார்த்து வளர்ந்ததால் அவர்களை விட்டுவைத்தது. கண்ணாடிக்குள் தனக்குத் துணையாக யாரையும் அது பொறுக்கவில்லை. கடையில் இருந்தபோதே பக்கத்தில் விட்ட நான்கு மீன்களை ஒழித்துவிட்டுத்தான் வந்திருந்தது. நான்கு வருஷத்தில் அது ஒரு அடிக்குமேல் வளர்ந்து, மாணிக்கவாசகத்தின் கையிலிருந்து மட்டும் தீனி தின்றது. அவர் கூடத்தில் நடந்தால் தொட்டிக்குள் அதுவும் கூடவே நடந்தது.

இங்கே சந்திரிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மாணிக்கவாசகத்தின் ஒரே தங்கை. மயிலாப்பூரில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த கல்யாணராமனைத் தானே தேர்ந்துகொண்டு, பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டவள். அன்று மாணிக்கவாசகம் இதே கூடத்தில் நின்று, இனி இந்த வாசல் உனக்கு இல்லை என்றார். அவளும் அதே ரத்தமாகையால், “இனி நான் வந்தா முன்வாசல் வழியாத்தான் வருவேன். அதுவும் நீயே வந்து கூப்பிட்டாத்தான்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இருவரும் சொன்ன சொல்லை இருபத்து மூன்று வருஷம் காப்பாற்றினார்கள். சொல்லைக் காப்பாற்றுவதில் இந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது.

பிறகு அந்த டிசம்பர் புயல் வந்தது. வேளச்சேரியில் சந்திரிகா குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் ஏரி தன் பழைய இடத்தை விசாரித்துக்கொண்டு நுழைந்தது. செல்போனில் யாரோ அனுப்பிய படத்தில் அந்தத் தெருவைப் பார்த்த மாணிக்கவாசகம் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நொச்சிக்குப்பத்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்த படகு ஒன்றில், குடையை விரித்துப் பிடித்து, முதுகு வளையாமல் உட்கார்ந்து போனார். சந்திரிகாவும் கல்யாணராமனும் முதல் மாடிக்காரர்களின் பால்கனியில் நின்றிருந்தார்கள். தலை இருவருக்கும் நரைத்திருந்தது. மாணிக்கவாசகம் குடையை மடக்கினார்.

“ஏட்டி, வீட்டுக்கு வா,” என்றார்.

“எந்த வாசல் வழியா?” என்று மேலிருந்து கேட்டாள் சந்திரிகா.

“முன்வாசல்தான். வந்து படகுல உக்காரு. அந்த வாத்தியாரையும் ஏறச் சொல்லு.”

படகோட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “சீக்கிரம் ஏறுங்கம்மா. சண்டைய வூட்ல போய்ப் போட்டுக்கலாம். இன்னும் நாலு தெரு கீது,” என்றார். ஏறினார்கள்.

படகை விட்டு ஆட்டோ பிடித்துத் தியாகராய நகர் வந்து சேர்ந்தபோது, வீட்டு வாசலில் பங்கஜம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். தெருவில் மின்சாரம் இல்லாவிட்டாலும் எதிர் வரிசை முழுக்க ஜன்னலில் நின்றது. சந்திரிகா வலது காலை உள்ளே வைத்தாள். தண்ணீர் கழுத்தில் நின்றது. வேளச்சேரியில் எல்லோருக்கும் வந்த வெள்ளத்திலிருந்து முழங்காலுக்குமேல் நனையாமல் வந்த சேலை, அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவளுக்கு மட்டும் வந்த வெள்ளத்தில் முழுசாக நனைந்தது. தொட்டிக்குள் தொரை நெற்றி சிவந்து, செவுள் விரித்து நின்றது. பங்கஜம் உலர்ந்த தரையில் நின்றபடியே கையை நீட்டி நாத்தனாரை வெளியே இழுத்தாள். அடுத்து முயன்ற கல்யாணராமன் உயரமானவராகையால் மார்பளவில் தப்பினார்.

“எனக்கு நீச்சல் தெரியாது சந்திரிகா,” என்றார் அவர். “நீ முதல்ல உள்ள போற வழியப் பாரு. நான் ஆட்டோலயே உக்காந்துண்டிருக்கேன்.”

பின்வாசல் மீனின் கண்ணுக்கு எட்டாது, அந்த வழியாகச் சமையலறைவரை நனையாமல் வரலாம் என்று பங்கஜம் மெதுவாகச் சொன்னாள். சந்திரிகா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, “மைனி, நான் என்ன பால்காரியா?” என்றாள். வெளிப்புறமாகப் படிக்கட்டு ஏறும் மாடி அறையில் இருவரும் தங்கினார்கள். வேளச்சேரி வீடு காய்ந்து, அதில் வேறு யாரோ குடிவந்த பிறகும் அங்கேயே இருந்தார்கள். தினமும் காலையில் சந்திரிகா குளித்து, நல்ல சேலை உடுத்தி, கீழே இறங்கி வந்து முன்வாசலில் ஒரு காலை வைத்துப் பார்ப்பாள். தண்ணீர் கழுத்தில் நிற்கும். மாடிக்குப் போய் வேறு சேலை மாற்றிக்கொள்வாள். கூப்பிட்டவர் கூடத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாயால் கூப்பிட்டுவிட்டு மீனால் துரத்துகிறார் என்று பாண்டி பஜார்வரை பேச்சு பரவியது. கடையில் குழம்புக் கிண்ணம் வாங்க வந்தவர்கூட, “தங்கச்சி உள்ள வந்தாச்சா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுத்தான் விலை கேட்டார். மாணிக்கவாசகத்தின் வாக்கு அந்தத் தெருவில் அதற்குமுன் ஒரு நாளும் இப்படி ஈரமாகத் தொங்கியதில்லை.

கமர் ஜஹானை வரவழைத்தார்கள். அவளுக்கு மீன் விற்ற உரிமையில் தண்ணீர் நிற்கவில்லை. இடுப்பில் கை வைத்துத் தொட்டியை நான்கு பக்கமும் பார்த்தாள்.

“தனியா வுட்டா இப்டித்தான் நைனா. கூட ஆளு இருந்தா இவனுக்கு இந்தத் தொட்டிய காபந்து பண்றதுக்கே டைம் பத்தாது. வாசல் வரைக்கும் இன்னாத்துக்குப் பாக்கப் போறான்? சரிக்குச் சரியா ஒரு துணை போட்டுடு. தண்ணி அவனோட தொட்டிக்குள்ளயே நின்னுடும்.”

“என்ன மாதிரித் துணை?”

“சைசு ஒண்ணா இருக்கணும். உருவமும் கலரும் ஒண்ணா இருக்கக் கூடாது. அவன மாதிரியே இன்னொருத்தன் வந்தா, தன் சீட்டப் புடிக்க வந்துட்டான்னுதான் நெனப்பான். அட்ச்சே கொன்னுடுவான்.”

மாணிக்கவாசகம் முதல் பாதியைக் கேட்டார், இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பார்ப்பது வேறு விதம். நிறத்துக்கு நிறம், அந்தஸ்துக்கு அந்தஸ்து, மூக்குக்கு மூக்கு ஒத்துப்போக வேண்டும். தாழ்ந்த இடமென்றால் பின்னால் பேச்சு வரும், உயர்ந்த இடமென்றால் முன்னாலேயே பேச்சு வரும். தொரைக்குச் சமமான இடமாக அவர் சென்னை முழுக்கத் தேடி, தொரையைவிட ஒரு நூல் குறையாத கிரீடமும் மாதுளை நிறமும் உள்ள இன்னொரு ஃப்ளவர்ஹார்னைக் கண்டுபிடித்தார். அதன் தகப்பன் பெங்களூரில் பரிசு வாங்கிய மீன். விற்கிற தொழிலாகையால் கமர் ஜஹானும் ஒரு தரத்துக்கு மேல் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் மாதுளைக்காரன் வந்து சேர்ந்தான். காற்றடைத்த பாலிதீன் பையோடு அவனைத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வது முறை. பங்கஜம் தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்துப் பக்கத்தில் நின்றாள். ஜன்னலில் முகங்கள் அடுக்கி நின்றன. வாசலுக்கு வெளியே சந்திரிகா, எந்த நேரமும் காலை எடுத்து வைக்கத் தயாராக, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பையை அவிழ்த்தார்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கும் நேரம்கூட ஆகவில்லை. இரண்டு மீனும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுழன்றன. கூடத்தில் வீட்டார் எல்லோருக்கும் முதல்முறையாகத் தண்ணீர் ஏறியது. சோபா மிதந்து போய் பூஜை அறைக் கதவில் இடித்தது. காலண்டரில் அன்றைய தேதிவரை நனைந்தது. பங்கஜத்தின் தட்டிலிருந்த வாழைப்பழம் அலையில் ஏறி வாசலுக்கு வந்து சந்திரிகாவின் காலடியில் நின்றது. மாதுளைக்காரனை வலையால் அள்ளி எடுத்தபோது அவன் உடம்பில் பாதிச் செதில் இல்லை. தண்ணீர் இறங்கியது, சோபா மட்டும் போன இடத்திலேயே நின்றது.

“தோத்தது அவன். நாம இல்ல,” என்றார் மாணிக்கவாசகம்.

“உங்க தொரை ஜெயிச்சான். நான் இன்னும் வெளியத்தான் நிக்கேன்,” என்றாள் சந்திரிகா வாசலிலிருந்து.

அடுத்து வந்தது ஆஸ்கர். இதுவும் சிக்லிட் வகைதான். பெரியது, ஆனால் சாது என்று கமர் ஜஹான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஆஸ்கர் சண்டைக்கே வரவில்லை. தொரை ஒரு முறை முறைத்ததும் தொட்டியின் அடியில் ஒருக்களித்துப் படுத்து, செத்தவன் போலக் கிடந்தது. தீனி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நாட்களில் சந்திரிகாவுக்குத் தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது உண்மை. ஆனால் அது உப்புக் கரித்தது. கூடத்தில் நுழைந்தவர்கள் எல்லோரும் காரணமில்லாமல் மூக்கை உறிஞ்சினார்கள். கடன் கேட்க வந்த தூரத்துச் சொந்தம் ஒருவர் கேட்காமலே அழுதுவிட்டுப் போனார். துக்க வீடு போல இருக்கிறது என்று பங்கஜம் ஆஸ்கரைத் திருப்பி அனுப்பினாள். கமர் ஜஹான் கடைக்குப் போன மறுகணமே அது எழுந்து வயிறு முட்டத் தின்றதாகச் சேதி வந்தது.

பிறகு ஜாகுவார். மேலெல்லாம் சிறுத்தைப் புள்ளி, நெற்றி தட்டை, வாய் அகலம். தொரையின் சாயல் துளியும் இல்லை. இந்த முறை தெருவுக்கே தூக்கம் போயிற்று. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பையை அவிழ்த்ததும் இரண்டும் ஒன்றையொன்று ஒரு முழ தூரத்தில் அளந்தன. ஒன்றும் நடக்கவில்லை. தொட்டி நடுவில் இருந்த கல்லை எல்லையாக வைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டன. அதே நேரத்தில் கூடத்தின் நடுவிலும் சுண்ணாம்பில் இழுத்தாற்போல ஒரு கோடு விழுந்தது. சந்திரிகா வலது ஓரமாகக் காலை வைத்தாள். தரை. அடுத்த காலையும் வைத்தாள். உலர்ந்த தரை.

“மைனி!” என்று கத்தினாள். “மைனி, தரை! கால்ல தரை படுது!”

பங்கஜம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல்களில் கைதட்டினார்கள். கல்யாணராமன் மாடியிலிருந்து இறங்கிவந்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி படியில் நின்றார். மாணிக்கவாசகத்தின் நாற்காலி கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தது. சந்திரிகா கோடுவரை நடந்து போய் நின்றாள். இருபத்து மூன்று வருஷம் கழித்து அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழே, இரண்டடி தூரத்தில், எதிர் எதிரே இருந்தார்கள். பங்கஜம் காப்பி கொண்டுவந்தாள். கோட்டின் மீது டவராவை வைத்து நாத்தனாருக்கு ஆற்றிக் கொடுத்தாள். நாலு நாள் இப்படி நடந்தது. அந்த நாலு நாளும் அந்த வீட்டில் இருந்த சிரிப்பைத் தெரு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நல்ல நாள் பார்த்துக் கோட்டையும் தாண்டிவிடலாம் என்று மாணிக்கவாசகம் பஞ்சாங்கத்தை எடுக்கச் சொன்ன காலையில், தொரை கல்லைத் தாண்டியது.

ஜாகுவார் ஒரே அடியில் கவிழ்ந்தது. கோட்டில் நின்றிருந்த சந்திரிகாவின் மேல் தண்ணீர் சுவர் போல எழுந்து தலைக்குமேல் போனது. அவள் கையிலிருந்த டம்ளர் முதலில் மேலே வந்தது. உலர்ந்த தரையில் இருந்த மாணிக்கவாசகம் எழுந்து, கையை நீட்டி, காற்றைத்தான் பிடித்தார். கழுத்தளவு என்றால் கை எட்டும்; தலைவரை மூழ்கியவளை எடுக்கத் தண்ணீருக்குள் போக வேண்டும், அந்தத் தண்ணீர் அவருக்கு இல்லை. நீச்சல் தெரியாத கல்யாணராமன்தான் வாசலிலிருந்து பாய்ந்து, தன் தண்ணீர் வழியாக அவள் தண்ணீருக்குள் போய், மனைவியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தார். இருவரும் படியில் கிடந்து இருமினார்கள். வாத்தியாரை மாணிக்கவாசகம் முதல்முறையாக “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டது அப்போதுதான். “மாப்பிள்ளை, மூச்சு வருதா பாருங்க!” கல்யாணராமன் இருமலுக்கு நடுவே, “வர்றது, வர்றது,” என்றார்.

அதோடு பங்கஜம் முன்வாசலை விட்டாள். இனித் தானும் பின்வாசல் வழியாகத்தான் போய்வரப் போகிறேன் என்றாள். கூடத்தில் சாப்பாடு வைக்கவும் வரவில்லை. மாணிக்கவாசகம் தட்டைத் தானே எடுத்துவந்து, தொட்டிக்கு எதிரே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு பேரும், அதாவது அவரும் தொரையும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மென்றார்கள்.

கமர் ஜஹான் கடைசியாக ஒரு வழி சொன்னாள். அதை அவள் மாதுளைக்காரன் தோற்ற நாளிலிருந்தே சொல்லிவந்தாள். அதைக் காதில் வாங்குவது மரியாதைக் குறைவு என்று மாணிக்கவாசகம் நினைத்திருந்தார். “துணை மேல தப்பு இல்ல அண்ணாச்சி. வர்றவன் எவனா இருந்தாலும் இவன் வூட்டுக்குத்தானே வரான்? அதான் ஒதைக்கிறான். இவன வெளிய எடு. கல்லு, கட்டை எல்லாத்தயும் மாத்திப் போடு. புதுசுங்க மொதல்ல செட்டில் ஆவட்டும். அப்பால இவனக் கடைசியா உள்ள வுடு. அப்போ இவன்தான் புது ஆளு. பொத்திக்குனு இருப்பான்.”

“அவன் வீட்டை விட்டு அவனையே வெளியேத்தச் சொல்லுதியா?” மாணிக்கவாசகத்தின் குரல் தெருவரை கேட்டது. “எந்தத் தப்பும் செய்யாதவன வாசலுக்கு வெளிய நிறுத்துதது எந்த ஊர் நியாயம்?”

பின்கட்டிலிருந்து பங்கஜத்தின் குரல் வந்தது. “அது இந்த ஊரு நியாயந்தான். இந்த வீட்டு நியாயந்தான். ஒருக்கா செஞ்சுபாத்தாச்சுல்லா?”

கமர் ஜஹான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். மாணிக்கவாசகம் தொட்டியை ஒட்டி ஒரு நடை நடந்தார், தொரையும் கூடவே வந்தது. பிறகு கடைக்கு ஆள் அனுப்பி, கல்யாணச் சமையலுக்கு வாடகைக்கு விடும் பெரிய அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார்.

தொரை அவர் கையில் மட்டுமே தின்னும் என்பதால் அவரும் கூடவே கிளம்ப வேண்டியதாயிற்று. கமர் ஜஹான் கடையில் இடம் இல்லை. பக்கத்தில், வேலை தேடும் இளைஞர்கள் தங்கும் மேன்ஷன் ஒன்றில் அறை எடுத்தார். எத்தனை பேர் என்று மேனேஜர் கேட்டதற்கு இரண்டு பேர் என்றார். மேனேஜர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். அண்டாவுக்குக் கண்ணாடி இல்லாததால் தொரைக்கு மேலே சுழலும் மின்விசிறியும் மாணிக்கவாசகத்தின் முகமும் மட்டும்தான் தெரிந்தன. அந்த அறைக்குள் யாருக்கும் தண்ணீர் நிற்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, “பெரிசு, உங்க ரூம்மேட் நல்லா தூங்கினாரா?” என்று கேட்டார்கள். அவர் மெஸ்ஸில் வரிசையில் நின்று சாப்பிட்டார். கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்றால் தள்ளி உட்கார்ந்தார். இதில் குடும்பத்துக்கு ஒரு இழுக்கும் இல்லை. மெஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சுதான். மாலையில் கடற்கரைவரை நடந்து போய்விட்டு, தொரைக்குத் தண்ணீர் மாற்றும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார்.

தொரை போன அன்றே சந்திரிகா முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் நடந்துவந்தாள். தரை உலர்ந்திருந்தது. அவள் தொட்டிவரை போய்க் கண்ணாடியைத் தொட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்தாள். பங்கஜம் ஆரத்தி சுற்றினாள். மேள சத்தம் இல்லாத குறைதான். இத்தோடு விஷயம் முடிந்தது, மீனை அங்கேயே விற்றுவிடலாம் என்று கல்யாணராமன்கூடச் சொன்னார். சந்திரிகா கேட்கவில்லை. “என்னால ஒருத்தன் இந்த வீட்ட விட்டு வெளிய போனான்னு பேரு எனக்கு வேண்டாம். வெளிய நிக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்,” என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்தாள். இருந்த கல் எதுவும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. இடப்பக்கம் ஒரு பெரிய மரவேரை வைத்தாள். கையோடு கையாக, மிதந்துபோன சோபாவையும் மாணிக்கவாசகத்தின் நாற்காலியையும்கூட இடம் மாற்றினாள்.

துணைகளைப் பங்கஜம் தேர்ந்தெடுத்தாள். மாணிக்கவாசகம் இருந்திருந்தால் அந்தஸ்து பார்த்து ஒதுக்கியிருக்கக்கூடியவை. ஒன்று, கவச உடம்போடு அடித்தரையில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன். முழங்கை நீளம், கறுப்பு, யார் முறைத்தாலும் திரும்பிப் பார்க்காது. மற்றவை, சில்வர் டாலர் என்ற வட்ட மீன்கள், ஒரு கூட்டமாக; எவர்சில்வர் தட்டுகள் ஒரு அடுக்காக நீந்துவது போல இருந்தன. அவற்றில் எதற்கும் தொரையின் சாயலும் இல்லை, தொரையின் இடத்தின் மேல் ஆசையும் இல்லை. சந்திரிகா கையால் தின்று, அவள் நடமாட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவை தொட்டியைப் பழகிக்கொண்டன. அந்த மாதம் முழுக்கக் கூடத்தில் யாருக்கும் தண்ணீர் நிற்கவில்லை. கொடியில் தொங்கிய துண்டுகள் வெயிலில் விறைத்துப்போயின.

தொரை திரும்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் வண்டி நுழைய வழி இல்லை. இஸ்திரிக்காரர் தன் தள்ளுவண்டியின் மேல் ஏறி நின்றார். மேன்ஷன் பையன்கள் ரூம்மேட்டை வழியனுப்ப வந்தவர்கள், கூட்டத்தைப் பார்த்து விசில் அடித்தார்கள். அண்டாவை நான்கு பேர் தூக்கி வாசலில் வைத்தார்கள். கமர் ஜஹான் மீனைப் பையில் எடுத்து உள்ளே கொண்டுபோய் மிதக்கவிட்டு, தொட்டி விளக்கை அணைத்தாள். “யாரும் சவுண்டு வுடாதீங்கோ,” என்று அவள் போட்ட சத்தத்தில் தெரு அடங்கியது. பையை அவிழ்த்தாள்.

தொரை வெளியே வந்து தன் கல்லைத் தேடியது. கல் இல்லை. தன் மூலைக்குப் போயிற்று. அங்கே சக்கர் மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. தொரை முட்டியது. சக்கர் அசையவில்லை. மறுபடி முட்டியது. அசையவில்லை. சில்வர் டாலர்கள் மொத்தமாக வந்து ஒரு சுற்றுச் சுற்றி, யார் இது என்பது போலப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயின. தொரையின் சிவப்பு வெளுத்தது. மரவேருக்குப் பின்னால் போய், வாலை மட்டும் வெளியே விட்டு நின்றுகொண்டது.

“செட்டில் ஆயிட்டான்!” என்று கமர் ஜஹான் குதித்தாள். “நாந்தான் சொன்னேன்ல அண்ணாச்சி? உள்ள வா!”

மாணிக்கவாசகம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, தன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். தண்ணீர் அவருக்கு மார்புவரை நின்றது.

அவருக்கு மட்டும்தான். மேல்துண்டு தோளிலிருந்து நழுவி மிதந்தது. அவர் திரும்பி வெளியே போய்விடுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் ஒரு தரம் வாசலைப் பார்த்தார். உலர்ந்த தரையில் நடந்து சந்திரிகா அவர் முன்னால் வந்து நின்றாள்.

“கையக் குடு அண்ணே. வழுக்கும்.”

அவர் கையைக் கொடுத்தார். இரண்டு எட்டு வைத்தபின் நின்று, “வேளச்சேரியிலயும் இம்புட்டு ஆழமா இருந்துச்சா?” என்று கேட்டார்.

“அங்க சாக்கடையும் சேந்துல்லா வந்துச்சு. இது நல்ல தண்ணி. வா, சாப்பாடு ஆறுது.”

முதலில் சிரித்தது பங்கஜம். பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. மாணிக்கவாசகம் மார்பளவுத் தண்ணீரில் நடந்து, தங்கை இடம் மாற்றிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துக்கு எட்டிய தண்ணீருக்குமேல் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையோடு சேர்ந்து சாப்பிட்டார்.

ஒரு வாரத்தில் தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. சில்வர் டாலர்கள் அவர் கையிலும் தின்னத் தொடங்கியபின் முழங்காலுக்கு. தொரை மரவேரை விட்டு வெளியே வந்து சிவப்பும் கிரீடமும் திரும்பப் பெற்றது. வேருக்கு இந்தப் பக்கம் தன்னுடையது, அந்தப் பக்கம் மற்றவர்களுடையது என்று வைத்துக்கொண்டு, வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டது. சிலிண்டர்காரர் இப்போது நனையாமல் வருகிறார். மாணிக்கவாசகத்துக்கு மட்டும் கணுக்கால் அளவு அப்படியே நின்றுவிட்டது. அது வடியவில்லை, வடிய வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. வேட்டியை ஒரு பிடி தூக்கிக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். வெயிலுக்கு நன்றாக இருக்கிறது என்கிறார். சித்திரை மாதம் மின்சாரம் போகும் மத்தியானங்களில் பங்கஜமும் சந்திரிகாவும் அவருக்கு இருபுறமும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் காலடியில் தாங்களும் காலை நீட்டிப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தரைதான் கிடைக்கிறது.